மாதத்துக்கு ஒரு தாள்: வீட்டுக்குப் போற பாடசாலைச் செய்தியில என்ன எழுதுறது?

சிவப்புச் சைக்கிள் (திருகோணமலை)

வணக்கம் பிள்ளையள். நான் 31 வருசம் திருகோணமலை டவுனுக்குள்ள தபால் குடுத்தவன். டைக் வீதி, திருஞானசம்பந்தர் வீதி, உவர்மலை ஏற்றம் எல்லாம் மிதிச்ச சைக்கிள் இன்னும் வீட்டில நிக்குது. ஓய்வெடுத்து ஏழு வருசம். இப்ப என்ர உத்தியோகம் ரெண்டு பேரப்பிள்ளையளைப் பார்க்கிறது. மகள் கட்டாரில. பேரன் தரம் 10, பேத்தி தரம் 4. இந்த எழுத்தும் பேரன் போட்டுத் தந்த கீபோட்டில தட்டுறது, பிழை கிடந்தா அவன்ர கணக்கில எழுதுங்கோ.

விசயத்துக்கு வாறன். மே மாதம் கோட்ட மட்டத் தமிழ்த் தினப் போட்டி. பேத்தி பா ஓதலுக்குத் தெரிவாகி இருந்தாள். மூண்டு கிழமையா கிணத்தடியிலயும் அந்தப் பாட்டுத்தான், சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னாலயும் அந்தப் பாட்டுத்தான். போட்டி புதன்கிழமை எண்டு சொல்லியிருந்தது. பிறகு செவ்வாய்க்கு மாத்திப் போட்டினம். மாத்தினதில குற்றமில்லை, மண்டபம் கிடைக்கேல்லையாம். ஆனா அறிவித்தல் திங்கள் இரவு 9.40க்கு வகுப்பு வாட்ஸப் குறூப்பில விழுந்திருக்கு. அந்தக் குறூப்பில இருக்கிறது என்ர நம்பர் இல்லை, மகளின்ர நம்பர். கட்டார் எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. அவ வேலை முடிஞ்சு போனைத் திறக்கேக்க இஞ்ச விடிய மூண்டரை. உடன எனக்கு எடுத்தவ. என்ர பட்டன் போன் குசினியில சார்ஜில கிடந்தது, சத்தத்தையும் குறைச்சு வச்சிருக்கிறன்.

அதுக்கு மேல ஒண்டு. "நாளைக்குப் போட்டி, தொண்டை கட்டிப் போகும், இண்டைக்கு ஒரு நாள் வீட்டில நிக்கட்டும்" எண்டு என்ர மனிசி பேத்தியை அந்தச் செவ்வாய் பாடசாலைக்கே விடேல்லை. கொத்தமல்லித் தண்ணியும் குடுத்து வச்சிருந்தது. போனைப் பார்த்தது பத்து மணிக்கு. நான் சைக்கிள எடுத்துக்கொண்டு ஓடிப் போகேக்க அவளின்ர பிரிவு முடிஞ்சு பிள்ளையள் பணிஸ் தின்னுதுகள்.

பேத்தி அழேல்லை. பாடுறதை நிப்பாட்டிப் போட்டாள், அவ்வளவுதான்.

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில எழும்பிக் கதைச்சன். கொஞ்சம் சத்தமாத்தான் கதைச்சன் போல. அதிபர் பொறுமையாக் கேட்டுப்போட்டு, "ஐயா, நீங்களே மாதாமாதம் ஒரு தாள் எழுதித் தாங்கோ, நாங்கள் அடிச்சுக் குடுக்கிறம்" எண்டு சொல்லிப்போட்டா. வாயைக் குடுத்து வாங்கிக் கட்டினது. பக்கத்து ரெண்டு பாடசாலையும் சேருறம் எண்டு சொல்லியிருக்கினம். மூண்டிலயும் சேர்த்துப் பிள்ளையள் 560 சொச்சம். நான் பேர்ப்பட்டியலை வாங்கி விலாசத்தால பிரிச்சுப் பார்த்தன், வீடு 412 தான். பழைய புத்தி போகாது பாருங்கோ. தபால்காரனுக்கு ஆள் கணக்கில்லை, படலைக் கணக்குத்தான். அதால வீட்டுக்கு ஒரு தாள், அதையும் அந்த வீட்டின்ர கடைசிப் பிள்ளையிட்டக் குடுக்கிறது எண்டு முடிவு. மூத்ததுகள் கொப்பிக்குள்ள வச்சு மறந்துபோடுங்கள். சின்னன் கொண்டுபோய் ஆரின்ரயும் மூஞ்சைக்கு முன்னால நீட்டும்.

தபாலில போடலாமே எண்டு ஒருத்தர் கேட்டார். சாதாரணக் கடிதத்துக்கு 2022 ஆகஸ்ட்டில 15 ரூபாவை 50 ஆக்கினது. 412 வீட்டுக்கு மாதம் 20,600 ரூபா. என்ர திணைக்களம்தான், எண்டாலும் கட்டாது.

அறிவித்தல் பலகையில ஒட்டுறதையும் யோசிச்சம். வெளி ஆக்களுக்குச் சொன்னா நம்பமாட்டினம்: கோட்டைப் பக்கத்து மான்கள் டவுனுக்குள்ள திரியுதுகளே, பசை போட்ட தாள் எண்டா அதுகளுக்கு விருந்து. கோதுமை மாப் பசை காய முதல் ஒரு மூலையைக் கடிச்சு இழுக்கும். போன வருசம் விளையாட்டுப் போட்டி நோட்டீஸில திகதி இருந்த பக்கம் மானின்ர வயித்துக்குள்ள போட்டுது.

எனக்கு யோசினை வாறது வேற இடத்தில. பேத்தியின்ர வகுப்பில 29 பிள்ளையள், எட்டுப் பேரின்ர தாய்மார் வெளிநாட்டில. பின்னேரம் கூப்பிட வாறது அம்மம்மா, அப்பம்மா, சித்தி, சில நேரம் ஓட்டோக்காரத் தம்பி. குறூப்பில இருக்கிறது ஒருத்தர், தலை இழுத்து விடுறது இன்னொருத்தர். விலாசம் சரி, ஆள் அங்க இல்லை. எங்கட பாசையில இதுக்குப் பேர் "திருப்பி அனுப்பவும்".

கேள்வி இதுதான். அந்த ஒரு தாளில என்ன போடோணும்? என்னத்தைப் போடக்கூடாது? வாற செய்தியில எது உண்மை எண்டு எப்பிடிப் பார்க்கிறது? படிப்பிக்கிற ஆக்கள், பிள்ளை வளர்க்கிற ஆக்கள் ஆராவது சொல்லுங்கோ.

உப்புவெளி டீச்சர்

ஐயா, ஆரம்பப் பிரிவில் 22 வருடமாகப் படிப்பிக்கிறேன். முதலில் என் பக்கத்துக் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். இரவு 9.40க்கு அந்த மெசேஜைப் போட்ட ஆசிரியைக்கு அது எத்தனை மணிக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கல்வி அமைச்சு, மாகாணக் கல்வித் திணைக்களம், கல்வி வலயம், அதற்குக் கீழே கோட்டம், அதிபர், பிறகுதான் நாங்கள். ஒவ்வொரு படியிலும் ஒருவர் "நாளைக்கு அனுப்பலாம்" என்று ஒரு தேத்தண்ணி குடித்தால் போதும், கடைசியில் நாங்கள் சோறு தின்னும் நேரத்துக்கு வந்து விழும். அதிலும் தேசிய பாடசாலைக்கு அமைச்சிலிருந்து நேரே போகிறது. அண்ணன் தேசிய பாடசாலையில், தங்கை மாகாணப் பாடசாலையில் என்றால் ஒரே வீட்டுக்கு ஒரே செய்தி இரண்டு நாள் இடைவெளியில் வரும். பேத்தியின் விடயம் மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பா ஓதலுக்குப் பழக்கிய ஆசிரியருக்கும் அன்றைக்கு நித்திரை வந்திராது.

இனி உங்கள் தாள். தலைப்பில் முதலாவதாக வலயத்தின் பெயரைப் போடுங்கள். எங்கள் மாவட்டத்தில் மட்டும் ஐந்து வலயம்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, மூதூர், கிண்ணியா, கந்தளாய். மழை நேரம் ஒரு வலயத்துக்கு விடுமுறை அறிவித்தால் பத்து நிமிடத்தில் அந்தக் கடிதத்தின் போட்டோ மற்ற நாலு வலயத்துப் பெற்றோரின் போனிலும் இருக்கும். பாதிப் பிள்ளைகள் வராது.

பிறகு திகதிகள். வெறும் திகதி வேண்டாம், அன்றைக்குப் பிள்ளையின் கையில் என்ன இருக்கவேண்டும் என்பதையும் எழுதுங்கள். 1, 4, 7, 10ஆம் தரங்களுக்கு மருத்துவப் பரிசோதனை வரும். "வைத்தியப் பரிசோதனை" என்று மட்டும் எழுதினால் பிள்ளை வெறுங்கையோடு வந்து நிற்கும். "பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைப் புத்தகப் பையில் வையுங்கள்" என்று எழுதினால் வரும். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குக் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வராமல் தடுக்கும் ஊசி 2017இல் இருந்து போடப்படுகிறது, இரண்டு தடவை. அதற்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வருகிறது. ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று அம்மம்மாக்கள் "புற்றுநோய்" என்ற சொல்லைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு என்னமோ வந்துவிட்டது என்று பயந்து ஓடி வருகிறார்கள். இரண்டு வரி முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பிள்ளைக்குத் தரம் 5 புலமைப்பரிசில் வருடம் என்றால் அதற்குத் தனி இடம் ஒதுக்குங்கள். 2025இல் பரீட்சை ஆகஸ்ட் 10. ஆறாம் திகதி நள்ளிரவோடு ரியூசன், கருத்தரங்கு எல்லாம் தடை. அது தெரியாமல் எட்டாம் திகதி ரியூசன் வாசலில் பிள்ளையோடு நின்று, "காசு வாங்கிவிட்டு ஏன் பூட்டினீர்கள்" என்று சண்டை பிடித்த பெற்றோரை என் கண்ணால் பார்த்தேன். ஓ.எல். (சாதாரண தரம்), ஏ.எல். (உயர் தரம்) பிள்ளைகளுக்கு 80 வீத வரவை நினைவூட்டுங்கள். தவணை முடிந்த பிறகு அழுது பயனில்லை.

போடக்கூடாதது: அதிதிகள். கெஞ்சிக் கேட்கிறேன். பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி, அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தியவர் என்று தொடங்கினால் தாள் அதிலேயே முடிந்துவிடும். பிள்ளை என்ன கொண்டுவர வேண்டும் என்பது கடைசி மூலையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும்.

கடுப்பன்

யார் வாசிக்கிற? காசு கேட்டா மட்டும்தான் எங்களுக்குக் கடிதம் வரும். போன தவணை பேண்ட் வாத்தியத்துக்கு எண்டு தலைக்கு இவ்வளவு எண்டு வாங்கினவங்கள். எவ்வளவு சேர்ந்தது, எத்தினை மேளம் வாங்கினது, ஒரு துண்டும் இல்லை. முதல் அதைப் போடச் சொல்லுங்கோ அண்ணை. அதைப் போட்டா நானும் வாசிப்பன்.

கிண்ணியாப் பாலம்

சிவப்புச் சைக்கிள் ஐயாவுக்கு, நான் கிண்ணியாப் பக்கம் ஆசிரியர். என்ட மனிசி டவுனில ஒரு தமிழ்ப் பாடசாலையில படிப்பிக்கிறா. எங்கட வீட்டுக் கதையச் சொன்னா உங்களுக்கு உதவும்.

முஸ்லிம் பாடசாலைத் தவணையும் தமிழ், சிங்களப் பாடசாலைத் தவணையும் ஒண்டில்ல. எங்களுக்கு நோன்புக்கு நீண்ட லீவு வரும், அதுக்கேத்த மாதிரித் தவணையெல்லாம் நகரும். நான் வீட்டில நிக்கக்குள்ள அவ வேலைக்குப் போவா, அவக்கு லீவு வரக்குள்ள நான் சோக்குக் கட்டி பிடிப்பன். அதோட சில வருசம் சிவராத்திரிக்கு, தீபாவளிக்கு அடுத்த நாள் தமிழ்ப் பாடசாலைகளுக்கு லீவு குடுத்திட்டு ஒரு சனிக்கிழமை பதில் பாடசாலை வைப்பாங்க. லீவு எண்டா காத்தில பரவும். பதில் பாடசாலை எண்டா ஒருத்தருக்கும் தெரியாது. நீங்க லீவு எழுதுற அதே வரியில பதில் பாடசாலைத் திகதியையும் எழுதுங்க, தனியா எழுதாதீங்க. உங்கட மூணு பாடசாலையில ஒண்டாவது முஸ்லிம் பாடசாலை எண்டா ரெண்டு நாட்காட்டியும் பக்கத்துப் பக்கத்தில வேணும்.

இன்னொண்டு, போற வாற வழி. கிண்ணியாவில நாங்க இதக் கஷ்டப்பட்டுப் படிச்ச ஆக்கள். 2021 நவம்பர் 23, குறிஞ்சாக்கேணி. பாலம் கட்டுற வேலைக்காக வழிய மூடி, இழுவைப் படகில புள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலம். அண்டைக்குக் காலையில படகு கவிழ்ந்து மௌத்தானதில கூடப் பேர் சின்னப் புள்ளைகள். அதுக்குப் பிறகு என்ட வகுப்பில ஒரு மழை பெய்ஞ்சாலும் நான் முதல்ல கேக்கிறது "எந்த வழியால வந்தீங்க" எண்டுதான். ரோட்டு வேல, பாலம் திருத்துற வேல, பஸ் நேரம் மாறுறது எல்லாம் பாடசாலைச் செய்திதான் ஐயா. பாடப்புத்தகம் எப்ப வரும் எண்டத விட உம்மாமாருக்கு அதுதான் தேவ.

டெங்குவும் அப்பிடித்தான். 2017 மார்ச்சில கிண்ணியாவில அது பரவிப் பாடசாலைகளையே பூட்டின. மழை முடிஞ்ச மாசத்தில சிரமதானத் திகதியையும், காய்ச்சல் எத்தின நாள் நிண்டா இரத்தம் பார்க்கோணும் எண்டதையும் பி.எச்.ஐ.யிட்ட (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு ரெண்டு வரி போடுங்க. நீங்களா எழுத வேணாம், அவர் சொல்றத எழுதுங்க.

போய்ச் சேர்ற விசயத்தில எங்கட ஊர்ல ஒரு லேசான வழி இருக்கு: பள்ளிவாசல் ஸ்பீக்கர். அவசரம் எண்டா அஸர் தொழுகைக்குப் பிறகு அறிவிச்சா ஊர் முழுக்கக் கேக்கும், கண்ணு தெரியாத உம்மம்மாவுக்கும் கேக்கும். உங்கட பக்கம் கோயில் ஸ்பீக்கர் இருக்குதானே. ஐயர்ட்டக் கேட்டுப் பாருங்க. மாசத் தாள் தாளாப் போகட்டும், திகதி மாறினா மட்டும் ஸ்பீக்கர்.

சிவப்புச் சைக்கிள்

டீச்சர், நீங்கள் ஏசினது சரி. அந்தப் பிள்ளையை, மெசேஜ் போட்ட டீச்சரைத்தான் சொல்லுறன், நான் கண்டு கதைச்சன். அவவுக்கு அந்தத் தகவல் கிடைச்சது இரவு ஒன்பதே காலுக்காம். கைக்குழந்தையோட நிண்டு தட்டினவவாம். எனக்கு வெக்கமாப் போச்சு.

கிண்ணியாத் தம்பி, குறிஞ்சாக்கேணிச் செய்தி வந்த அண்டைக்கு நான் ஆஸ்பத்திரி வாசலடியில நிண்டனான். அதுக்கு மேல இஞ்ச எழுத வரேல்லை. வழி, பஸ் நேரம் போடுறன். கோயிலுக்கும் போய்க் கேட்டன். ஐயர் சம்மதம், ஆனா பூசை நேரம் போடமாட்டன் எண்டுட்டார். பின்னேரம் அஞ்சு மணி எண்டு பேசி முடிச்சாச்சு.

கடுப்பன் தம்பி, காசு விசயம் பொருளாளரிட்டக் கேட்டன். முகம் சுருங்கினது. எண்டாலும் வரவு ஒரு வரி, செலவு ஒரு வரி தாறன் எண்டவர்.

இப்ப என்னைக் குடையிறது உண்மை பொய் பார்க்கிற வேலை. 2026இல இருந்து பாடசாலை 2 மணி வரை எண்டு 2025இல அறிவிச்சாங்கள். வான்காரன் அதுக்கேத்த மாதிரி நேரத்தையும் காசையும் கூட்டத் தொடங்கிட்டான். பிறகு டிட்வா புயல் அடிச்சு, வருசக் கடைசியில, இல்லை, பழைய 1.30 தான் எண்டு வந்தது. முதல் வந்ததும் உண்மை, பிறகு வந்ததும் உண்மை. முந்தினது மட்டும் கிடைச்ச வீட்டுக்கு அது பொய்யாப் போகுது. அதே நவம்பரில ஏ.எல். சோதினை நடுவில நிண்டதே, அப்ப புது நேரசூசி எண்டு எங்கட ஒழுங்கையில மூண்டு விதமான தாள் போனில ஓடினது. மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம், ஆக்கள் பாடசாலையளில தங்கியிருக்கினம், இஞ்ச ஒரு பிள்ளை எந்தத் தாளைப் பார்த்துப் படிக்கிறது எண்டு தெரியாமல் திண்ணையில குந்திக்கொண்டு இருந்தது. மாதத்துக்கு ஒருக்கா அடிக்கிற தாள் இதுக்கு என்ன செய்யும்?

உப்புவெளி டீச்சர்

ஐயா, தாளில் கீழே ஒரு கட்டம் போட்டு நிரந்தரமாக நாலு நம்பர் விடுங்கள், மாதாமாதம் மாறாமல் அதே இடத்தில். பரீட்சைத் திணைக்களம் 1911, கல்வி அமைச்சு 1988, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை 1929. பட்டன் போனிலும் எடுக்கலாம். பிறகு "இந்தத் தாள் இன்ன திகதி வரை கிடைத்த தகவல்" என்று மேலே ஒரு வரி. போனில் ஓடும் கடிதம் என்றால் மூன்றைப் பாருங்கள்: திகதி, வலயத்தின் பெயர், யார் கையொப்பம். திகதி வெட்டப்பட்டிருந்தால் அது போன வருடத்துக் கடிதம், பத்துக்கு எட்டு.

வலயத்தில் எதையாவது எழுத்தில் கேட்டும் பதில் இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டம் இருக்கிறது. கேட்டு 14 வேலை நாட்களுக்குள் தருவார்களா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். ஆனால் அதை முதல் மாதமே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பொறுப்பான எழுதுவினைஞரோடு இரண்டு தரம் சிரித்துப் பேசினால் அரைவாசி விடயம் கிடைத்துவிடும்.

சல்லிப் பிள்ளை (ஸ்காபரோ, கனடா)

ஐயா, நான் சாம்பல்தீவுப் பாலம் தாண்டிச் சல்லி. இஞ்ச வந்து 14 வருசம், ரெண்டு பிள்ளையள். எங்களுக்கு ஸ்கூல் போர்டில இருந்து மாசாமாசம் நியூஸ்லெட்டர் வரும். ஈமெயிலில. நல்ல வடிவா, கலர் போட்டோவோட, எந்தப் பாசைக்கும் மாத்திற பட்டனோட. ஜனவரியில தமிழ் மரபுத் திங்களுக்குக் குத்துவிளக்குப் படமும் வரும். உண்மையைச் சொன்னா நான் திறக்கிறதே இல்லை. டைரக்டரின்ர செய்தி, திட்டத்தின்ர பேர், கருத்துக் கணிப்பு. எனக்குத் தேவையானது ஏழாவது பந்தியில கிடக்கும்: வெள்ளிக்கிழமை பி.ஏ. டே, ஆசிரியர்மாருக்கு மட்டும் ஸ்கூல், பிள்ளையளை ஆரிட்ட விடுறது எண்டு நீ பார்.

நாங்கள் பார்க்கிறது ஃபிரிட்ஜில காந்தத்தால ஒட்டின ஒரே ஒரு தாள். வகுப்பு டீச்சர் தாற மாசக் கலண்டர். பீட்சா நாள், நீச்சல் நாள், நூலகப் புத்தகம் திருப்பிற நாள். அதில மூத்தவள் பேனையால கீறி வச்சிருப்பாள். அதால நீங்கள் பெரிய நியூஸ்லெட்டர் எண்டு யோசிக்காதேங்கோ. ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமா மாசம், மற்றப் பக்கம் எழுத்து. அம்மம்மா அதைக் கலண்டருக்குப் பக்கத்தில ஆணியில கொழுவட்டும்.

இஞ்ச இருக்கிறதில எனக்குப் பிடிச்சது நியூஸ்லெட்டர் இல்லை, இன்னொண்டு. காலமை பிள்ளை வரேல்லை, வீட்டில இருந்து சொல்லவும் இல்லை எண்டா ஸ்கூலில இருந்து கோல் வரும். முதல் நம்பர் எடுக்காட்டி ரெண்டாவது நம்பர், பிறகு மூண்டாவது. உங்கட பேத்தி அண்டைக்கு வரேல்லை எண்டு எட்டு மணிக்கே தெரிஞ்சிருக்கும்தானே? போட்டிக்குத் தெரிவான பிள்ளை எண்டும் தெரியும். பட்டன் போனுக்கோ பக்கத்து வீட்டுக்கோ ஒரு கோல் போயிருந்தா நீங்கள் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டிருப்பியள். ஏசுறன் எண்டு நினைக்காதேங்கோ. வகுப்பாசிரியரிட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ரெண்டு நம்பர் இருக்கோணும்: காசு அனுப்புற ஆளின்ர நம்பர் ஒண்டு, சோறு குடுக்கிற ஆளின்ர நம்பர் ஒண்டு.

அதோட போட்டோ. இஞ்ச பிள்ளையின்ர படம் போடுறதுக்கு பெற்றாரிட்டக் கையெழுத்து வாங்குவினம். நீங்கள் தாளில படமும் பேரும் போட்டா அது வாட்ஸப்பில ஏறும், பிறகு எங்க போகும் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. வெளிநாட்டில தாய், வீட்டில பேத்தியாரோட தனிய இருக்கிற பிள்ளை எண்டு ஊருக்கே விளம்பரம் ஆகிடும். கவனம் ஐயா.

சிவப்புச் சைக்கிள்

பிள்ளை, நீ சொன்ன ரெண்டு நம்பர் கதையை வாசிச்சுப்போட்டு அப்பிடியே அதிபரிட்டக் கொண்டுபோனன். "இது ஏன் எங்களுக்குத் தோணேல்லை" எண்டு சொல்லி, அடுத்த நாளே வகுப்பு வகுப்பா எடுக்கச் சொல்லிப்போட்டா. படம் ஒண்டும் போடேல்லை. பரிசு எடுத்த பிள்ளையளின்ர விபரம் போட ஆசைப்பட்டன், தரத்தையும் போட்டியையும் மட்டும் போட்டம், பேரில்லாமல்.

முதல் தாள் போன கிழமை போட்டுது. ஒரு பக்கம் கட்டம் போட்ட மாதம், மற்றப் பக்கம் எழுத்து, கீழ நாலு நம்பர். காசுக் கணக்கு ரெண்டு வரியும் கிடக்கு, கடுப்பன் தம்பி வாசிச்சதா ஒரு சொல்லுச் சொல்லும். அடியில புள்ளிக்கோடு போட்டு ஒரு துண்டு வச்சன்: "கிடைத்தது. வாசித்தவர் பிள்ளைக்கு என்ன முறை? கையொப்பம்." பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்காமல் நான் ஒரு படலையையும் விட்டு நகர்ந்ததில்லை, இதுக்கும் விடேல்லை.

412 போய் 338 துண்டு திரும்பி வந்தது. குசினி மேசையில கொட்டி முறை முறையாப் பிரிச்சன். அம்மா 161, அப்பா 38, அம்மம்மா 71, அப்பம்மா 29, மிச்சம் சித்தி, பெரியம்மா, மாமி, அண்ணன். ஒரு துண்டில "ஓட்டோ அங்கிள்" எண்டு கிடந்தது, கையொப்பமும் அவர்தான். ரெண்டு துண்டில பெருவிரல் அடையாளம். ஆர் அந்த வீட்டில மை எடுத்துக் குடுத்தது எண்டு யோசிச்சுக்கொண்டே இருந்தன்.

வராத 74க்கும் சைக்கிளை எடுத்தன். மனிசி பேசினவ, முழங்கால் நோவோட இது தேவையோ எண்டு. பாலையூற்று, செல்வநாயகபுரம், அன்புவழிபுரம் எண்டு மூண்டு பின்னேரம். அரைவாசி வீடு மாறினதுகள், பதிவில பழைய விலாசம். சில வீட்டில தாள் வந்திருக்கு, துண்டை வெட்டக் கத்திரிக்கோல் இல்லையாம். ஒரு வீட்டில கட்டம் போட்ட பக்கம் சுவரில ஒட்டியிருந்தது, அதைக் கிழிச்சா மாதம் பழுதாகிடும் எண்டு துண்டை வெட்டாமல் விட்டிருக்கினம். அடுத்த மாதம் துண்டு தனித்தாள்.

பேத்தி என்ன செய்யிறாள் எண்டு டீச்சர் தனியாக் கேட்டு எழுதியிருந்தா. அவள்தான் 338 துண்டையும் எண்ணினது. எண்ணேக்க வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தவள், பாட்டோ கணக்கோ தெரியேல்லை, நான் கேக்கவும் இல்லை.

இப்ப ஒரு உதவி. 60க்கு மேல துண்டுகளில ஒரே விசயம் எழுதிக் கிடக்கு: எழுத்துச் சின்னன், கண்ணாடி போட்டும் தெரியேல்லை. இப்ப 11 புள்ளியில அடிச்சது. 14 ஆக்கினா ரெண்டு பக்கத்துக்குள்ள அடங்குது இல்லை எண்டு பேரன் சொல்லுறான். பக்கத்தைக் கூட்டினா கொப்பிக் காசு 412ஆல கூடும். எதை வெட்டலாம்? பஸ் நேரத்தை வெட்டமாட்டன், அதை மட்டும் கேக்காதேங்கோ.